நல்ல பக்கம்

அப்பாவை இடது பக்கமாகத் திருப்பி, முதுகு சரியாமல் இருக்கத் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது அவர், “போயிட்டான்” என்றார்.

“யாருப்பா?”

“மீசதான். இவ்வளவு நேரம் பீரோ பக்கத்துல நின்னுட்டிருந்தான். நீ திருப்புன, போயிட்டான்.”

மகள் திரும்பிப் பார்த்தாள். பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். அங்கே துடைப்பத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஜன்னலில் அப்போதுதான் வெளுத்திருந்தது. விடிகிற நேரத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தபோது அவர் தானாகவே வலது பக்கம் சரிந்து கிடந்தார். உதடு நாவற்பழம் தின்றவர் போல நீலம் பாரித்திருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு. யாரிடமோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். பதறிப்போய்த் திருப்பிவிட்டாள்.

ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் மெதுவாக ஏறத் தொடங்கியது. அது ஏற ஏற அப்பாவின் கண்ணில் தெளிவு வந்தது. தெளிவோடு கூடவே பயமும் வந்தது. நெஞ்சுக்கூடு எழும்பித் தாழ்ந்தது. ஒவ்வொரு மூச்சின் அடியிலும் சின்னக் குமிழிகள் வெடிக்கிற சத்தம், அடுப்பில் கஞ்சி கொதிப்பதுபோல.

“வந்துட்டேனா?” என்றார்.

“வந்துட்டீங்கப்பா.”

“ம்.” அவர் ஜன்னலையே பார்த்தார். வந்ததில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

வலது நுரையீரலில் காற்றுக்கு இடமே இல்லை. காய்ச்சலில் தொடங்கி, சளி கட்டி, நீர் கோத்து, ஊறின பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். இடது பக்கம் கறுப்பாக இருந்தது, அதுதான் காற்று. வலது பக்கம் அடிமுதல் நுனிவரை வெள்ளை. இதயமும் தளர்ந்துபோயிருந்ததால், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஆக்சிஜன் மெஷினையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அக்காதான் விளக்கமாகச் சொன்னார். “எப்பவும் எடது பக்கமாவே படுக்க வைங்கம்மா. நல்ல பக்கம் கீழ இருக்கணும். ரத்தமும் தண்ணி மாதிரிதான், பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும். நல்ல நுரையீரல் கீழ இருந்தா அங்க போய்க் காத்த வாங்கிட்டு வரும். வலது கீழ இருந்தா, காத்தே இல்லாத எடத்துக்குப் போய்ட்டு வெறுங்கையோட திரும்பும்.”

கட்டிலில் கிடந்த அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “பூட்டுன கடைக்குப் பைய எடுத்துட்டுப் போன கத” என்றார். நர்ஸ் அக்கா சிரித்துவிட்டார்.

“இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?” என்று அவர் கேட்டார்.

“எல்லாருக்குமே கொஞ்சம் கசியும் ஐயா. ரத்தக் குழாய்க்கும் காத்துப் பைக்கும் நடுவுல வெங்காயத் தோலவிட மெல்லிசா ஒரு சுவருதான். கசியறத உடம்பே வாரி எடுத்து ரத்தத்துக்கே திருப்பிக் குடுத்துடும். உங்களுக்கு இப்ப கசியறது ஜாஸ்தி, எறைக்கறது கம்மி.”

“பம்பு போச்சு” என்றார் அப்பா. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் முக்குளிக்கிற வேலை அவருக்கு. ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சும் கிணற்றுக்குள் இறங்கி, அடியில் கம்பி வலையை அடைத்திருக்கும் குப்பையைக் கையால் தடவித் தடவி எடுப்பார். கலங்கல் தண்ணீர். விளக்கு கொண்டுபோனாலும் ஒன்றும் தெரியாது. மேலே கைப்பிடிச் சுவரருகே நின்று அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான் மீசை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே கயிறு, அதே ஆள். மீசைக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே ஓர் அடி பின்னால் நிற்பார். “எனக்கு நீச்சல் தெரியாததாலதான் உன் கயித்த இவ்வளவு பயந்து புடிக்கிறேன். தெரிஞ்சிருந்தா அலட்சியம் வந்துரும்” என்று அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மகள் வாய் உலராமல் இருக்க ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்தாள்.

“நனஞ்சிருந்தான் பாப்பா” என்றார் அவர். நாற்பதைத் தாண்டிய மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அவள் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே ஒருமுறை வந்து அவர் அப்படிக் கூப்பிட்டதில், கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் அதன்பிறகு அவளைப் பாப்பா அக்கா ஆக்கிவிட்டார்கள்.

“யாரு, மீச மாமாவா?”

“தலையிலேருந்து சொட்டுது. அவன் எதுக்கு நனையணும்? அவன்தான் எறங்கவே மாட்டானே.”

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். “கனவுப்பா. அந்தப் பக்கம் படுத்தா மூளைக்குக் காத்து பத்தாதுன்னு நர்ஸ் அக்கா சொன்னாங்கல்ல.”

“தெரியும்” என்றார். “இந்தப் பக்கம் படுத்தா எனக்கு எல்லாந்தான் தெரியுது. தண்ணி எது வரைக்கும் வந்திருக்குன்னு கூடத் தெரியுது.” ஒரு விரலை எடுத்து விலாவின் மேல் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு கொஞ்சம் மேலே தள்ளித் தொட்டார்.

போன் அடித்தது. அண்ணன். ரயிலில் இருந்து பேசினான். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“எப்படி இருக்காரு?”

“தெளிவா இருக்காரு. மூச்சுதான் கஷ்டப்படுது.”

“சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். நர்ஸ் என்ன சொன்னாங்க?”

“எடது பக்கமாவே வச்சிருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்குவாருன்னு சொன்னாங்க. நாளைக்குக் கூட.”

“அப்ப அப்படியே வச்சிரு. திருப்பிராத.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒரே ஒரு வார்த்த பேசணும். அதுக்குத் தெளிவா இருக்கணும் அவரு.”

அம்மா செத்த அன்று அப்பா கிணற்றுக்குள் இருந்தார். தகவல் வந்து, மேலே இழுத்து, அவர் வீடு வந்து சேர்ந்தபோது தலையில் ஈரம் காயவில்லை. அன்று வாசலில் வைத்து அண்ணன் சொன்ன சொல்லை அவன் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்பாவும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து இருவரும் அவள் வழியாகத்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

“வச்சிருக்கேன்” என்றாள்.

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். அவள் காப்பி போட்டு, குடிக்காமல் வைத்தாள். படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவரை ஒரு நிமிடமாவது மறுபக்கம் உருட்டத்தான் வேண்டும்.

உருட்டினாள். அவசர அவசரமாக விரிப்பை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் தோள் தளர்ந்தது. எண் இறங்கியது. நெற்றியில் முடிச்சாக இருந்த வலி அவிழ்ந்துபோனது.

“டேய்” என்றார் பாசத்தோடு. “இன்னும் அங்கயே நிக்கிறியா? உக்காரேன்டா.”

அவள் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது. அவர் பார்வை பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே, சரியாக ஒரு ஆளின் தோள் உயரத்தில் இருந்தது. அலைபாயவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறவர்களின் கண் அங்குமிங்கும் ஓடும் என்று அவள் பார்த்திருக்கிறாள். இது அப்படி இல்லை.

“என்னப்பா பண்றாரு மாமா?”

“முதுகக் காட்டிட்டு நிக்கிறான். கயிறு வச்சிருக்கான்.” அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து லேசாகச் சுண்டின. சற்றுப் பொறுத்து, மறுமுனையிலிருந்து பதில் வந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மீசை மாமாவுக்கே போன் போட்டால் என்ன? அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

“அலோ, யாரு?” பழைய கரகரப்புக் குரல். “பாப்பாவா? என்னம்மா, அப்பன் எப்படி இருக்கான்? நேத்துலேருந்து மனசே சரியில்ல எனக்கு.”

அவளுக்கு மூச்சு வந்தது. “நல்லா இருக்கீங்களா மாமா? அப்பாவுக்கு முடியல. உங்களத்தான் பேசிட்டிருக்காரு. ஒரு வார்த்த பேசுங்களேன்.” ஸ்பீக்கரைப் போட்டு, போனை அப்பாவின் காதருகே வைத்தாள்.

“ஏய், நான்தான்டா” என்றது குரல். “என்ன, படுத்துக்கிட்டு ஊர ஏமாத்துறியாமே? கயிறு என் கையிலதான்டா இருக்கு. பயப்படாத. கேக்குதா?”

அப்பா கேட்டார். புருவம் சுருங்கியது. போனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, பீரோ பக்கம் பார்த்தார்.

“இவன் வீட்டுல இருக்கான்” என்றார்.

“ஆமாப்பா. மாமாதான் பேசறாரு.”

“அப்ப இங்க நிக்கிறது யாரு?”

போனில் மீசை மாமா “என்ன சொல்றான்? என்னம்மா சொல்றான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அப்பாவைப் பற்றி இடது பக்கம் திருப்பினாள். முன்பு போல மெதுவாக இல்லை. தீயில் கிடப்பதை எடுப்பதுபோல. தலையணையைத் திணித்தாள். ஒன்று போதாதென்று இன்னொன்றையும் திணித்தாள். பிறகு எழுந்துபோய் பீரோவை ஒட்டியிருந்த இடத்தில் நின்றாள். அங்கே யாரும் இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காகத்தான் நின்றாள். தரையில் ஈரமில்லை. குனிந்து கையால் தடவியும் பார்த்தாள். நின்ற இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. வடக்குச் சுவர், எப்போதுமே அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

எண் ஏறியது. அப்பா இருமினார். இளஞ்சிவப்பு நுரை உதட்டோரம் வந்தது. துடைத்தாள். மறுபடி வந்தது.

“பாப்பா.”

“சொல்லுங்கப்பா.”

“போயிட்டான்னு சொன்னேன்ல காலையில. தப்பு. போகல. நான்தான் திரும்பிட்டேன்.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. “இப்பவும் முதுகுக்குப் பின்னால இருக்கு.”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நான்தான் இருக்கேன்.”

“நீ இருக்க. அதுவும் இருக்கு.”

மெஷின் சீராக முணுமுணுத்தது. அதன் பாட்டிலில் குமிழிகள் ஏறின. அவர் நெஞ்சிலும் ஏறின. இரண்டையும் கொஞ்ச நேரம் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“கலங்கத் தண்ணியில” என்று அவர் ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். “கலங்கத் தண்ணியில பக்கத்துல ஏதோ இருக்குன்னு தோணும். அப்ப ஓடக் கூடாது. கைய நீட்டித் தொட்டுப் பாத்துரணும். மரக்கட்டையா இருக்கும், செத்த மாடா இருக்கும். எதுவானாலும் தொட்டுட்டா தீந்துச்சு. தொடாம வேல செஞ்சா பயமே ஆள முழுங்கிரும்.”

அவர் என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்தப் பக்கம் திருப்பு.”

“அப்பா, அண்ணன் வந்துட்டிருக்கான். ரயில் ஏறிட்டான். உங்ககிட்டப் பேசணும்னு வர்றான். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.”

அப்பா கண்ணை மூடினார். மூடிய இமைக்குள் விழி அசைந்தது. மகன் பேரைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்தது ஆசைதான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவர் முயற்சி செய்தார். உண்மையாகவே முயன்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல இழுத்தார். வேர்வை தலையணையை நனைத்தது. ஜன்னல் வெயில் சுவரில் இறங்கி, கட்டில் காலுக்கு வந்தது. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கைக்குக் கீழே தண்ணீர் கரகரத்தது.

“முடியல பாப்பா” என்றார் கடைசியில். கெஞ்சவில்லை. வேலை முடிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். “அவன சாப்ட்டுட்டு வரச் சொல்லு. ரயில்ல ஒண்ணும் வாங்கித் திங்க மாட்டான்.”

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதுகிலிருந்து ஒரு தலையணையை எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் மற்றதை இடுப்புக்கடியிலும் கொடுத்து, மெதுவாக வலது பக்கம் திருப்பினாள். இப்படி ஒரு கனமான மனிதர் இவ்வளவு லேசாகத் திரும்புவாரென்று அவள் நினைக்கவில்லை.

எண் இறங்கத் தொடங்கியது. அவள் கருவியை விரலிலிருந்து கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

அப்பா பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பயம் வரும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. முதலில் ஆச்சரியம் வந்தது. பிறகு, வீட்டுக்கு எதிர்பாராத பெரிய மனிதர் யாரோ வந்துவிட்டால் சட்டையில்லாமல் இருப்பவருக்கு வருமே, அந்தக் கூச்சம் வந்தது. இன்னொரு கை மார்பில் போர்வையைத் தேடி இழுத்துக்கொண்டது.

“வாங்க” என்றார்.

அப்பா யாருக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிறவர் இல்லை. நிலையத்துப் பெரிய என்ஜினீயரைக்கூட ‘வாய்யா’ என்றுதான் சொல்வார். அதற்காகவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கினார்.

“நின்னுட்டே இருந்தீங்களே. தெரியாமப் போச்சு. வாங்க.”

கால்களை மடக்கிக் கட்டிலின் ஓரத்தில் இடம் செய்தார். அவள் நின்றது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில். தன்னை அறியாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டாள். விட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. அதற்குப் பிறகு அவளால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்தாள். அவர் யாரோ சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டார். ஒருமுறை தலையசைத்தார். மூச்சு ஒன்று வந்தது. நீண்ட இடைவெளி. இன்னொன்று வந்தது. நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்த சத்தம் தணிந்து, தணிந்து, அணைத்த அடுப்பின் மேல் பாத்திரம் அடங்குவதுபோல அடங்கியது. மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அவள் உடனே யாருக்கும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெஷினை எப்போது நிறுத்தினாள் என்று தெரியாது. உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பாவை இடது பக்கமாகத் திருப்பினாள். உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. தலையணைகளைப் பழையபடி முதுகில் செருகினாள். கருவியை எடுத்து விரலில் மாட்டப்போய், வேண்டாமென்று விட்டாள். அதன் பிறகு நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டாள்.

நர்ஸ் அக்கா வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, டாக்டருக்குச் சொல்லிவிட்டு, “அண்ணன் வர்றதுக்குள்ள தொடச்சு, நல்ல துணி போட்ரலாம்மா” என்றார். வெந்நீரும் துண்டும் கொண்டுவந்தாள். போர்வைக்கு அடியில் கைவிட்டு, இடது பக்கத்தை நர்ஸ் அக்காவும் வலது பக்கத்தை அவளும் துடைத்தார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கூடத்துக்கு வந்து, அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“உள்ள வரலாமா?”

“ஒரு நிமிஷம் தம்பி, துணி மாத்திட்டிருக்கோம்” என்றார் நர்ஸ் அக்கா.

“எடது பக்கந்தான இருந்தாரு கடைசி வரைக்கும்?” கதவுக்கு வெளியே அவன் கேட்டான். அழுதிருந்த குரல். “நீ நல்லாத்தான் பாத்துருப்ப. அதுக்கும் மேல தாங்கல போல. ஏதாவது சொன்னாரா?”

“நீ சாப்ட்டுட்டு வரணும்னு சொன்னாரு” என்றாள் அவள்.

வெளியே அவன் பையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

நர்ஸ் அக்கா சட்டை போட அப்பாவை நிமிர்த்தினார். வலது கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். வலது தோளிலிருந்து முழங்கை வரை, விலாவிலும், காதின் மடலிலும் தோலுக்கடியில் ரத்தம் கருஞ்சிவப்பாகத் தேங்கியிருந்தது. மெத்தையில் அழுந்தின இடங்கள் மட்டும் வெளுத்து, விரிப்பின் மடிப்புகள்கூட அதில் கோடுகோடாகத் தெரிந்தன. இடது பக்கம் சுத்தமாக, மெழுகு நிறத்தில் இருந்தது. செத்த பிறகும் ரத்தம் பள்ளத்தைப் பார்த்துத்தான் இறங்கும் என்று, அப்படிப்பட்ட உடம்புகளை எத்தனையோ பார்த்த அவருக்குத் தெரியும்.

நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மகள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கையில் ஈரத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸ் அக்கா தூக்கிய கையை மெதுவாகக் கீழே வைத்தார். பீரோவிலிருந்து எடுத்து வைத்திருந்த அரைக்கைச் சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். “முழுக்கைச் சட்ட ஒண்ணு இருக்காம்மா?” என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். போட்டுவிட்டு, அப்பாவின் தலையை வலது காது தலையணையில் புதையும்படி கொஞ்சம் சாய்த்து வைத்தார். பிறகு சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, அந்தச் சின்னப் பொத்தானைப் பொறுமையாகப் போட்டார்.